அரிசி மூட்டையோடு ஏசி/டிசி லேனுக்கு

அன்புள்ள உங்களுக்கு,

“எனக்குப் பிடிச்ச ராக் பேண்ட் பேரையே ஒரு சந்துக்கு வச்சிருக்காங்க டீச்சர், ஏசி/டிசி லேன்! எப்ப கூட்டிட்டுப் போவே?” என்று பக்கவாதம் வருமுன் கேட்டீர்கள்.

நேற்று மல்கிரேவில் இருக்கும் நம் வீட்டிலிருந்து நகரத்துக்குள் இருக்கும் அந்தச் சந்துக்குத் தனியாகப் போனேன். உங்கள் சக்கர நாற்காலி அங்கே ஓடுமா என்று பார்க்க, காய்கறி வாங்கக் கொண்டுபோகும் சின்ன இழுவண்டியில் அரிசி மூட்டையை உட்காரவைத்து இழுத்தேன். படமெடுத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் சிரித்தார். “அன்ரி, இஞ்ச அரிசிக் கடை ஒண்டும் இல்லை!”

“இது அரிசி இல்லம்மா, எங்க வீட்டுக்காரர்” என்றேன்.

அந்தப் பெண்ணும் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். கல் பாவிய தரையில் மூட்டை சரிந்துகொண்டே வந்தது. உங்கள் கழுத்து தாங்காது. நாம் போகப் போவதில்லை.

வலது கை இனி கிதார் வாசிக்காது என்கிறார் டாக்டர். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படித்து முடித்ததும், இடது கையால் கட்டில் கம்பியில் ஒரு தாளம் தட்டிப் பாருங்கள்.

உங்கள் டீச்சர்