கேரல் லோரி நிற்காத வீடு

லாபு,
17 டிசம்பர் 2023, ஞாயிறு

விமலாவுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும்.

காலையில் மாதா கோயிலில் உன்னை நேரில் கேட்டிருப்பேன். பூசை முடிந்ததும் பாடகர் குழுவினர் எல்லாரும் பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டீர்கள். இது தொலைபேசியில் பேசும் விஷயமும் அல்ல. எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் வரவேண்டும் என்று கான்வென்டில் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஆகவே ரொட்டிக்கார மாயாண்டியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று மாலை எங்கள் தாமானுக்கு, இந்தக் குடியிருப்புக்கு, கேரல் பாட்டுக் குழு வருகிறது என்று போன வாரமே கோயிலில் பங்கு அறிவிப்பில் வாசித்தார்கள். நான் கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை ஏற்றினேன். கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தேன். நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, முறுக்கும் பயத்தம்பணியாரமும் கேக்கும் எடுத்துவைத்து, இஞ்சி தட்டிப் போட்ட தேநீருடன் காத்திருந்தேன். நீங்கள் ஏறிவந்த லோரி முனையில் திரும்பும்போது பாட்டு நன்றாகக் கேட்டது. என் கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பாட்டு நின்றது. லோரியின் வண்ண விளக்கும் அணைந்தது. ஆஸ்பத்திரி வாசலைக் கடப்பதுபோல் மெதுவாக ஊர்ந்து போய், அடுத்த வீட்டு வீரமுத்துவின் வாசலில் விளக்கும் கித்தாரும் மறுபடியும் உயிர் பெற்றன. வீரமுத்து மாரியம்மன் கோயில் பொருளாளர். அவர் வீட்டில் நீங்கள் பாடுவது எனக்குச் சந்தோஷம். அதற்கு நடுவே நான் என்ன ஆனேன்?

நீலாவதி, வீரமுத்துவின் மனைவி, இன்று காலை வேலியோரம் வந்து, "என்னம்மா, பாட்டுக்காரங்க ஒங்க வீட்ட மறந்துட்டாங்களா?" என்றாள். அவள் நல்லவள். பரிதாபமாகத்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று. இந்த வருடக் கிறிஸ்மஸ் தாத்தாவுக்குப் பஞ்சில் செய்த தாடி. அதுவும் ஒரு காதில் மட்டும் தொங்கியது. குணாளன்தானே அது? சட்டை ஏதோ கடையில் வாங்கிய மெல்லிய துணி. பார்க்கச் சகிக்கவில்லை.

காரணத்தை எழுதி அனுப்பு.

சரோஜினிதேவி துரைசிங்கம்

•

எஸ்டேட் வீடு, லாபு,
18 டிசம்பர்

மதிப்புக்குரிய ஆன்ட்டிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாயாண்டி அண்ணன் கொடுக்கும்போதே, "அம்மா மூஞ்சி சரியில்ல, ரொட்டிகூட வாங்கல, பாத்து எழுதுலா" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

உங்களை வருத்தவேண்டும் என்று நினைக்கவில்லை, ஆன்ட்டி. மகிந்தன் அண்ணன் இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. துக்க வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்லநாள் கிடையாது என்பது எஸ்டேட்டில் மாரியம்மனிடம் போகிறவர்கள், மாதாவிடம் போகிறவர்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். என் அப்பா இறந்த வருடம் எங்கள் வீட்டில் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. மரியாதைக்காகத்தான் பாட்டைத் தாழ்த்தினோம். நீங்கள் காத்திருப்பீர்கள் என்று தெரியாது. சொல்லாமல் விட்டது என் பிழை.

ஒரு மாலை நானும் இரண்டு பெண்களும் வந்து உங்களுடன் ஜெபம் சொல்லிவிட்டுப் போகிறோம். பாட்டு வேண்டாம்.

அன்புடன்,
விமலா

•

லாபு,
19 டிசம்பர்

விமலாவுக்கு,

ஜெபம் எனக்குச் சொல்லத் தெரியும்.

துக்க வீட்டில் நட்சத்திரம் ஏற்றமாட்டார்கள். நான் ஏற்றியிருக்கிறேன். அது தெருமுனையிலிருந்தே தெரியும். என் மகன் ஆண்டவரிடம் போயிருக்கிறான் என்று ஃபாதர் எல்லார் முன்னாலும் பிரசங்கம் செய்தார், நீங்கள் எல்லாரும் ஆமென் சொன்னீர்கள். அப்படியானால் பாலன் பிறந்த பாட்டை என் வாசலில் பாடுவதற்கு என்ன தடை?

அதையும் விடு. புனிதாவின் கணவர் இறந்தது ஒரு செப்டம்பரில். அந்த டிசம்பரிலேயே அவள் வாசலில் லோரி நின்றது. நீ பாடினாய். மகிந்தன் தாத்தா வேடத்தில் ஆடி, அவள் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தான். நான் அதே லோரியில், முன் இருக்கையில் இருந்தேன். வழக்கம் என்று என்னிடம் சொல்வதானால், எனக்கு ஞாபகம் இல்லாத ஒன்றைச் சொல்.

நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாத பெண். இப்போதும் தெரியவில்லை.

23ஆம் தேதி கடைசிச் சுற்று இந்தப் பக்கமாகத்தான் திரும்புகிறது. அன்றைக்கு லோரி என் வாசலில் நிற்குமா, நிற்காதா? உண்மையான காரணம் என்ன?

சரோஜினிதேவி துரைசிங்கம்

•

எஸ்டேட் வீடு,
20 டிசம்பர்

மதிப்புக்குரிய ஆன்ட்டிக்கு,

கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன். கோபப்பட்டாலும் முழுதும் படியுங்கள்.

லோரி விளக்கை அணைத்தது அதை ஓட்டிவந்த தேவன். நான் சொல்லி அல்ல. ஆனால் நான் தடுக்கவும் இல்லை. அவன் அணைத்ததும் பின்னால் இருந்தவர்கள் தாமாகவே பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

அடக்கத்தன்று கல்லறையில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மகிந்தன் அண்ணனும் தேவனும் சேர்ந்து கட்டிய கேரல் பாட்டை அவன் பாடினான். ஏப்ரல் மாதத்தில் கிறிஸ்மஸ் பாட்டு பாடக்கூடாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அது அண்ணனுடைய பாட்டு. வருடா வருடம் உங்கள் வாசலில் பாடியது. தேவனுக்கு அவரிடம் கொடுக்க வேறு என்ன இருந்தது? இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது நீங்கள் கையை உயர்த்தினீர்கள். "போதும். இது அதற்கு இடம் இல்லை" என்றீர்கள். கல்லறையில் அத்தனை பேர் முன்னால் அவன் பாதி வரியில் வாயை மூடினான்.

அன்றிலிருந்து அவன் கோயிலில் பாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை பார்க்கிறான். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றுகிற லோரியைக் கழுவிக் கேரலுக்குக் கொண்டுவந்து தருகிறான், ஓட்டுகிறான், அவ்வளவுதான். நேற்று ஒத்திகையில் உங்கள் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த வாசல்ல நா லோரிய நிப்பாட்ட மாட்டேன்க்கா. வேணும்னா நீங்கல்லாம் எறங்கி நடந்து போங்க. என் கூட்டாளிய நான் பாடி அனுப்பக்கூட எனக்குத் தகுதி இல்லனு சொன்ன வீடு அது."

மற்றவர்களும் அவன் பக்கம்தான். நீங்கள் எங்களைத் திருத்துவது எங்களுக்குப் பழக்கம். ஸ்வரம் தப்பினால் ஜன்னல் வழியாகவே குரல் கொடுப்பீர்கள், நாங்கள் சிரித்துக்கொள்வோம். அன்றைக்கு யாராலும் சிரிக்க முடியவில்லை.

அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஆன்ட்டி. ஒன்றே ஒன்று.

விமலா

•

லாபு,
21 டிசம்பர்

விமலாவுக்கு,

படித்தேன். இரண்டு முறை.

அவன் தகுதியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை அவன் கேட்டுக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. அடக்கத்தில் பாடுவதற்கென்று பாட்டுகள் இருக்கின்றன. ஃபாதரும் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். ஒழுங்கு என்று ஒன்று உண்டு. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் கணவர் துரைசிங்கம் இந்த எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில் இரண்டு வெள்ளைக்கார துரைகளிடம்கூட நாங்கள் கேட்டதில்லை.

இந்தப் பத்தியோடு கடிதத்தை முடித்து ஒட்டிவிட்டேன். பிறகு பிரித்தேன்.

அந்த இரண்டாவது சரணத்தில் மெட்டு ஒரு இடத்தில் சறுக்கும். உனக்குத் தெரியும். மகிந்தனிடம் வருடக்கணக்காகச் சொன்னேன், அங்கே மேலே போகவேண்டும், நீ கீழே இழுக்கிறாய் என்று. குளியலறையிலிருந்து வேண்டுமென்றே இன்னும் கீழே இழுப்பான். காலையில் கோலாலம்பூர் ரயிலுக்குப் போகும்வரை அதே இழுப்பு. கல்லறையில் தேவன் அந்த இடத்துக்கு வந்தான். அதே மூச்சு, அதே சறுக்கல். குழிக்குள் இருப்பவன் எனக்குப் பின்னால் நின்று பாடுவதுபோல் இருந்தது. இன்னும் ஒரு வரி பாடியிருந்தால் அத்தனை பேர் முன்னால் நான் மண்ணில் விழுந்திருப்பேன்.

ஆகவே கையை உயர்த்தினேன்.

இதை நீ யாரிடமும் சொல்லக்கூடாது. தேவனிடம் கட்டாயம் சொல்லக்கூடாது. என்மேல் பரிதாபப்பட்டு நிற்கிற லோரி எனக்கு வேண்டாம்.

சரோஜினிதேவி துரைசிங்கம்

•

எஸ்டேட் வீடு,
22 டிசம்பர், காலை

அன்புள்ள ஆன்ட்டிக்கு,

சொல்லவேண்டாம் என்றீர்கள், சொல்லவில்லை. நேற்று ஒத்திகையில் அவன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேட்டரி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் நான் சொல்லாவிட்டால் லோரி நிற்காது. நாளைக்கு உங்கள் தெருவை விட்டுவிட்டுப் பெரிய சாலை வழியாகவே போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். உங்களை இன்னொரு தடவை வாசலில் நிற்கவைக்க எனக்கு மனசில்லை. நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் நட்சத்திரத்தை இறக்கவேண்டாம். ஆனால் நாற்காலி போடவேண்டாம், ஆன்ட்டி.

விமலா

•

லாபு,
22 டிசம்பர், மதியம்

விமலாவுக்கு,

மாயாண்டி மதிய ரொட்டிக்கு வரும்வரை எனக்கு நேரம் இருந்தது. அவரிடம் இத்துடன் ஒரு பை தருகிறேன். மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், ரொட்டிக் கூடைக்குள் போடக்கூடாது.

உள்ளே இருப்பது மகிந்தனின் தாத்தா சட்டை. நான் தைத்தது. நல்ல கனமான துணி. இந்த வருடம் நீங்கள் யாரும் வந்து கேட்கவில்லை. கேட்கப் பயந்தீர்கள் என்று இப்போது புரிகிறது. தாடியும் பெல்ட்டும் அடியில் இருக்கின்றன.

மகிந்தன் என் சமையலில் பருத்தவன். ஆகவே இடுப்பைப் பிடித்துத் தைத்திருக்கிறேன். தோளைப் பிரித்து அகலமாக்கியிருக்கிறேன். குணாளனுக்கு அது பொருந்தாது. தேவனுக்குப் பொருந்தும்.

அளவு எப்படித் தெரியும் என்று கேட்பான். பெட்டியை முன்னால் தூக்கியவன் அவன்தான். கோயிலிலிருந்து கல்லறை வரை அந்தத் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். வேறு எங்கும் பார்க்க என்னால் முடியவில்லை. இதை அவனிடம் சொல்லலாம். இதை மட்டும்.

நாளை நாற்காலி போடுவேன். கேட்டைத் திறந்து வைப்பேன். அந்தப் பாட்டு முழுவதும் பாடப்படவேண்டும், இரண்டாவது சரணத்தோடு. நான் கையை உயர்த்தமாட்டேன்.

சரோஜினிதேவி

•

எஸ்டேட் வீடு,
23 டிசம்பர், காலை

அன்புள்ள ஆன்ட்டிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், மாயாண்டி அண்ணன் மோட்டாரை அணைக்காமல் நிற்கிறார்.

பையைத் தேவனிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்ததும், "சட்டைய அனுப்பிட்டா சரியாப் போச்சா?" என்றான். எழுந்து லோரிப் பக்கம் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "எந்தத் தோளு? எடமா, வலமா?" என்று கேட்டான். அவன் வலது பக்கம் தூக்கினானாம். எனக்குத் தெரியாது என்றேன். சட்டையைப் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் பையை லோரியின் முன்பக்கத்தில், தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

நிறுத்துவேன் என்று சொல்லவில்லை. நிறுத்தமாட்டேன் என்றும் சொல்லவில்லை. குணாளன், "அப்போ யாருலா தாத்தா இன்னிக்கி?" என்று கேட்டதற்கு, "வாய மூடிட்டு பலூன ஊது" என்றான்.

இன்றைக்கு எந்த வழியாகப் போவான் என்று எனக்குத் தெரியவில்லை. இனி அவன் கையில் இருக்கிறது.

விமலா

•

லாபு,
24 டிசம்பர் 2023

அன்புள்ள விமலா,

தேவன் தாத்தாவாகிவிட்டால் லோரியைப் பிடிக்கப்போகிற குணாளனுக்கு ஓட்டத் தெரியாது என்பதை முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருக்கவேண்டும். என் செம்பருத்தித் தொட்டியை இடித்துவிட்டான். பரவாயில்லை என்று அவனிடம் சொன்னேன். நீ திகைத்து என்னைப் பார்த்ததைக் கவனித்தேன்.

நீலாவதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். நான் அழவில்லை என்று ஊருக்குச் சொல். நீங்கள் எல்லாரும் கேக்கைச் சுற்றி நின்றபோது தேவனிடம் நான் சொன்னது அவனுக்கும் எனக்கும் உள்ளது. அவனைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

மீதிப் பலகாரத்தை இரண்டாகப் பிரித்து மாயாண்டியிடம் அனுப்பியிருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று புனிதாவின் பிள்ளைகளுக்கு. ஃபாதருக்கு வேறு கோயில்களும் இருப்பதால் இன்று இரவுப் பூசை எட்டு மணிக்கே என்றார்கள். வேப்பமரத்தடி ஈரமாக இருக்கிறது, அங்கே யாரும் நிற்கவேண்டாம். என் பெஞ்சில் இடம் இருக்கிறது.

சட்டையின் கை இரண்டு விரல் குட்டை. தோளும் இடுப்பும் சரியாக அமைந்தன, கை மட்டும் தப்பிவிட்டது. அவன் பெட்டியைப் பிடித்திருந்ததால் அன்றைக்குக் கை மடங்கியிருந்தது. நாளை மதியச் சாப்பாட்டுக்குச் சட்டையோடு வரச் சொல். கையை நீட்டி நிற்கவைத்து அளவெடுக்கவேண்டும்.

இரண்டாவது சரணத்தில் அந்த இடம் இன்னும் அப்படியே சறுக்குகிறது. அதை யாரும் திருத்தவேண்டாம்.

உன்,
ஆன்ட்டி