வெறும் ஜீப் நகராது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

"டீச்சர், வண்டி ஓடணுமா, இழுக்கணுமா?"

போன மாதம் சுடலைக்குமார் கேட்டது. கோவில்பட்டியில் ஜீப், மினிலாரி எல்லாம் பார்க்கும் மெக்கானிக். எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன். முப்பத்தைந்து வருடம் கேள்வி கேட்டே பழகியவள் நான். எதிரே இருந்து கேள்வி வந்தால் கொஞ்சம் திணறுகிறேன். "ரெண்டும்தான்" என்றேன்.

"ஒண்ணு சொல்லுங்க டீச்சர். பரீட்சையில ரெண்டையும் டிக் அடிச்சா நீங்க மார்க் போடுவியளா?"

இழுக்கணும். அதுதான் பதில்.

அப்பா தந்த ஏழு ஏக்கர் கரிசல் எட்டயபுரம் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. சாலையை விட்டு இறங்கியதுமே ஓர் ஓடைப்பள்ளம். மழை விழுந்தால் அந்தப் பாதை பிசைந்த மாவு. ஆட்டோ வராது. வண்டி இல்லாமல் களையெடுக்க ஆள் வராது. இரண்டு வருடமாக உளுந்தைக் களை தின்றது. என் வீட்டுக்காரர் பாண்டியராஜன், தபால் துறையில் ஓய்வு பெற்றவர், நிலத்தை சோலார் கம்பெனிக்கு இருபத்தைந்து வருடக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்கிறார். "இந்த வருசமும் களை தின்னா நானே கையெழுத்துப் போட்டிருதேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

எங்கள் பழைய பெட்ரோல் ஜீப் தார்ச்சாலையில் ஓடும், சேற்றைக் கண்டால் இருமும். அதன் எஞ்சினை எடுத்துவிட்டு, உடைப்புக்கு வந்த ஒரு மினிலாரியின் டீசல் எஞ்சினை வைக்கப் போகிறோம். ஆர்.டி.ஓ. அனுமதிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நானே மீற முடியுமா?

ஆகஸ்ட் 21, வியாழன்

அனுமதி கிடைத்தது. பழைய எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கினார்கள். இவர் வந்து காலி இடத்தை எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கே. வெங்காயம் கொட்டி வைக்கலாம்."

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பழைய மாணவிகள் இரண்டு பேர் பூங்கொத்தோடு பட்டறைக்கே தேடி வந்துவிட்டார்கள். எனக்கு முழங்கை வரை கிரீஸ். பூவை சுடலைக்குமார் வாங்கிக்கொண்டான். போட்டோவிலும் அவன்தான் நடுவில் நிற்கிறான்.

டீசல் எஞ்சின் உள்ளே உட்கார்ந்துவிட்டது. ஜீப்பின் கியர்பாக்ஸோடு அதைச் சேர்க்க நடுவில் ஓர் இரும்புத் தட்டு கடைந்து வந்தது. நான் வரைந்து கொடுத்த படம், ஒரு நூல் பிசகவில்லை. பெருமையாக பானட்டை இறக்கினேன். மூடவில்லை. நான்கு விரல் மேலே நிற்கிறது.

நீளம் அளந்தேன். அகலம் அளந்தேன். கன அளவுப் பாடத்தை எத்தனை தலைமுறைக்கு நடத்தியிருப்பேன்! உயரத்தை மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

சுடலைக்குமார் பானட்டில் வட்டமாக ஓட்டை வெட்டி, தலைநீட்டும் பாகத்துக்கு என் இட்லிச் சட்டி மூடியைத் தொப்பியாகக் கவிழ்த்து நட்டுப் போட்டு முடுக்கிவிட்டான். கைப்பிடியைக்கூடக் கழற்றவில்லை.

"அப்ப நாளைக்கு இட்லி?" என்றார் இவர்.

"ஜீப்புல அவிச்சுத் தாரேன்."

இன்னொன்று. புது எஞ்சினுக்கு அடிவயிறு பெரிது. முன்சக்கரங்களைச் சுற்றவைக்கும் தண்டு அதில் இடிக்கிறது. "இப்போதைக்குத் தண்டக் கழட்டிருதேன் டீச்சர். பின்சக்கரம் மட்டும் சுத்துனாப் போதும். இது லாரி எஞ்சின்லா" என்றான். போதும் என்றே நானும் நினைத்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஓடுகிறது! எதிர்வீட்டம்மா தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று இரண்டு குடத்தோடு வெளியே வந்தார்.

அக்டோபர் 6, திங்கள்

உளுந்து விதைத்தாயிற்று. காய்ந்த பாதையில் ஜீப் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் போய் வந்தது. சோலார் கம்பெனி கொடுத்துவிட்டுப் போன குத்தகைப் பத்திரம் மட்டும் டி.வி. மேல் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

மூன்று நாள் நல்ல மழை. உளுந்து முளைத்து நிற்கிறது. களையும்.

அக்டோபர் 27, திங்கள்

போச்சு. மானம் போச்சு.

என்னத்த எழுத. காலையில பஸ் ஸ்டாப்புல சந்தனமாரி, களையெடுக்கப் பெண்களைக் கூட்டி வருகிறவள், எட்டுப் பேரோட நிக்கா. ஏறுங்கன்னேன். "மொதல்ல வெறும் வண்டியா அந்த ஓடைப்பள்ளத்தத் தாண்டிக் காட்டுங்க டீச்சர். பொறவு ஏறுதோம்" என்றாள். நியாயம்தானே? போனேன்.

முப்பது அடி. அவ்வளவுதான். மூக்கு கீழே இறங்குது, பின்சக்கரம் சும்மா சுத்துது. மிதிக்க மிதிக்கக் குழி ஆகுது. மண் ஒட்டி ஒட்டி டயரு டயராவே இல்ல, பெரிய கருப்புப் பணியாரம். இறங்கினேன் — செருப்பு ரெண்டும் உள்ளே போச்சு. வெறுங்காலோட, ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி நடந்து வந்தேன்.

அவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை. "பாவம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

டிராக்டர் வைத்து இழுத்தோம். இவர் சாப்பிடும்போது டி.வி. பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காததே போதும்.

அக்டோபர் 28, செவ்வாய்

சுடலைக்குமார் வந்தான். ஜீப்பின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்து ஆட்டினான். தொட்டில் மாதிரி ஆடியது.

"பலம் கூடிட்டு டீச்சர். பின்னால கனம்தான் பத்தல."

உடனே புரிந்தது. புது எஞ்சின் பழையதைவிட ஒரு ஆள் கனத்துக்கும் கூடுதல், அத்தனையும் முன்னால். சுற்றுகிற சக்கரமோ பின்னால், மேலே பாரமே இல்லாமல். பலத்துக்குக் கணக்குப் போட்டேன், கனத்துக்குப் போடவில்லை. அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்குவது போலத்தான். பலகையை மிதித்துக்கொள்ளாவிட்டால் மணைதான் நகரும், காய் அறுபடாது.

முன் தண்டைத் திரும்ப மாட்ட எஞ்சினின் அடிப்பாகத்தையே மாற்ற வேண்டுமாம். மூன்று வாரம் ஆகும். களைக்கு இருப்பதோ பத்து நாள்.

ஆனால் ஒன்பது பெண்கள் பின்னால் உட்கார்ந்தால்? அதுவே போதும். தப்பு வண்டியில் மட்டும் இல்லை, சோதனையிலும் இருக்கிறது. வெறும் ஜீப் நகராது. ஆள் ஏறினால் நகரும்.

அக்டோபர் 29, புதன்

சந்தனமாரி வீட்டுக்குப் போய்ப் பொறுமையாக விளக்கினேன்.

"வண்டி தாண்டட்டும் டீச்சர், நாங்க ஏறுதோம்."

"நீங்க ஏறினாத்தாம்மா வண்டி தாண்டும்."

"தாண்டாத வண்டியில எதுக்கு ஏற?"

அவள் வீட்டு அரிவாள்மணையையே எடுத்துப் போட்டு, மிதித்தும் மிதிக்காமலும் ஒரு தேங்காயை வைத்துக் காட்டினேன். கவனமாகப் பார்த்தாள். நல்ல மாணவி.

"அப்ப ஒங்க வண்டிக்கு நாங்க மிதிகாலு. அதானே சொல்ல வாரீங்க?"

அதுதான். ஆனால் நான் அப்படி விளக்கியிருக்கக் கூடாது.

அக்டோபர் 31, வெள்ளி

ஒன்பது மணல் மூட்டை ஏற்றினேன். பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேரும் பார்க்க, ஓடைப்பள்ளத்தைத் தாண்டிவிட்டேன்! திரும்பியும் வந்தேன். இறங்கி, கேள்விக்குச் சரியான விடை எழுதிய பிள்ளை மாதிரி நின்றேன்.

சந்தனமாரி மூட்டைகளைச் சுற்றி வந்தாள். "மூட்டைக்கு என்ன டீச்சர்? கவுந்தா அதுக்குக் காலா ஒடியும்? உசுருள்ளது ஏறிப் போகணும்."

"நான் உயிரோடதானேம்மா ஓட்டிட்டுப் போனேன்?"

"நீங்க ஸ்டீரிங்கப் பிடிச்சிருந்தீய. நாங்க எதப் பிடிக்க?"

வீட்டுக்கு வந்து இவரிடம் பின்னால் உட்காரச் சொன்னேன். இடுப்பு வலியாம். காலையில் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

இதை விரிவாக எழுத வேண்டும்.

காலையில் வயலை எட்டிப் பார்க்க அதே மூட்டைகளோடு போனேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற மாடக்கண்ணு தன் ஆடுகளோடு நின்றார். ஈரத்தில் நின்று நின்று ஆடுகளுக்குக் குளம்பு வீங்கிவிட்டது. சாலையோர மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும், ஆனால் சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்கின்றன. என்னைப் பார்த்ததும் கேட்டார்: "டீச்சரம்மா, மண்ணுமூட்டையத்தான் ஊர்கோலம் கொண்டு போவீயளா? எங்க ஆட்ட ஏத்தமாட்டீயளா?"

உயிருள்ளது!

மூட்டைகளை இறக்கிவிட்டு ஆடுகளை ஏற்றினோம். பதினான்கு ஆடு, ஒரு கிடா, மாடக்கண்ணு. ஆடுகள் மூட்டை மாதிரி இருக்குமா? எல்லாம் முன்னால் வந்து என் தோளில் மூக்கை வைத்தன. கனம் முன்னால் வந்தால் மறுபடி மூழ்குவோம். "பின்னால தள்ளுங்கய்யா!" என்று கத்துகிறேன். அவர் கடைசியில் உட்கார்ந்து வேலங்காயைக் காட்ட, அத்தனையும் பின்னால் ஓடின. ஜீப்பின் பின்பக்கம் கும்மென்று அமுங்கியது. மிதித்தேன். பள்ளம் தாண்டியது. கிடா மட்டும் பின்னால் போகவில்லை. நான் கனக்கணக்கு எழுதி வைத்திருந்த தாளைத் தின்றுகொண்டிருந்தது.

பஸ் ஸ்டாப்பில் சந்தனமாரியும் இன்னும் நாலு பேரும். ஆடுகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. அவள் ஆடுகளின் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஒண்ணும் புதுசா நொண்டல" என்றாள் கடைசியில். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ஏட்டி, ஆடே ஏறிட்டு. நாம ஏறலன்னா நல்லாவா இருக்கும்? நாளைக்கு ஏழு மணிக்கு வந்துருங்க."

நவம்பர் 3, திங்கள்

ஒன்பது பேரும் வந்தார்கள். பள்ளம் நெருங்கியது. பின்னால் இருந்து சந்தனமாரி குரல்: "ஏட்டி, எல்லாரும் கடைசிக்கு நெருங்கி உக்காருங்க! டீச்சருக்குக் கனம் பத்தல!"

முப்பத்தைந்து வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் ஒரு பாடத்தைச் சொன்னதில்லை.

நவம்பர் 7, வெள்ளி

களை முடிந்தது. ஏழு ஏக்கரும்.

நவம்பர் 23, ஞாயிறு

மறுபடி மழை. காய் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போக வேண்டும். பெண்களுக்கு இன்று வேலை இல்லை. மூட்டைகளை ஏற்றத் தூக்கினேன். இவர் குடையோடு வாசலில் வந்து நின்றார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்.

"எங்க உக்காரணும்?"

"இடுப்பு?"

"அது கெடக்கு. எங்கன்னு சொல்லு."

"கடைசியில."

வயலில் இறங்கி ஒரு காயை உரித்துப் பார்த்தார். இன்னொன்றையும் உரித்தார். திரும்பும்போது இட்லிச் சட்டி மூடியில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

டிசம்பர் 28, ஞாயிறு

உளுந்து அடித்து வீடு வந்து சேர்ந்தது. மகசூல் நன்றாகவே இருக்கிறது. சந்தனமாரி தன் பங்குக்குக் கேட்டது இரண்டு படி உளுந்தும், அடுத்த வருடம் பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும். சுடலைக்குமார் இரண்டு கம்பியாகவே வைத்துவிட்டான்.

காலையில் கம்பெனிக்காரர் போன் செய்தார். இவர்தான் எடுத்தார். "நிலம் காலி இல்ல சார்." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இல்ல, அடுத்த வருசமும் காலி இருக்காது" என்று வைத்துவிட்டார். டி.வி. மேலே இப்போது ரிமோட் மட்டும் இருக்கிறது.

இந்த வாரம் மூன்று பேர் வந்து கேட்டுவிட்டார்கள்: எங்கள் ஜீப்புக்கும் லாரி எஞ்சின் வைக்கலாமா என்று. மூவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். யாராவது இந்த நோட்டை எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் அதுவே:

மழை விட்ட மறுநாள், கரிசலில் வெறுங்காலோடு இருபது அடி நடந்து, ஒரு காலில் ஒட்டிய மண்ணை வழித்து எடைபோட்டுப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு மேலே எவ்வளவு கனம் வேண்டும் என்று அதிலிருந்து கணக்குப் போட்டுவிட்டு, பிறகு எஞ்சினைத் தேடுங்கள்.