விங் கமாண்டர் பெயரில் ஆறு ஏக்கர்

12-6-1972, திங்கள்

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. குத்தகைக்காரன் வைரக்கண்ணுதான் வந்தான். கூடவே பஞ்சாயத்துத் தலைவர் சிங்காரவேலு, கரை வேட்டியும் துண்டுமாக. என் அண்ணா செத்து மூன்று மாதம் ஆகிறதல்லவா, படிப்பகத்தில் படத்திறப்பு வைக்கிறார்களாம்.

"பெரிய சாமியோட வாழ்க்கைய நீங்கதான் ரெண்டு பக்கம் எழுதிப் படிக்கணுங்க" என்றான் வைரக்கண்ணு.

சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றேன். எங்கள் தெருவில் செத்தவனுக்குப் பிண்டம் உண்டு. மைக் செட்டும் ரோஜா மாலையும் கிடையாது. ஆனால் வைரக்கண்ணுவை இப்போது பகைத்துக்கொள்ளக் கூடாது. அவன் உழும் ஆறு ஏக்கரை இந்த வருஷம் எப்படியும் நான் எடுத்தாக வேண்டும்.

14-6-1972

எழுத உட்கார்ந்தேன். ஸ்ரீநிவாசன், விங் கமாண்டர், இந்திய விமானப்படை, ஓய்வு. அப்புறம்?

மகாவீரன் என்று ஊரே வாயைப் பிளக்கிறது. நான் ஒருமுறை நேராகவே கேட்டேன், எத்தனை குண்டு போட்டாய் என்று. "குண்டா? நான் அரிசி மூட்டைன்னா போட்டேன்" என்றான். டகோட்டா விமானத்தை ஓட்டிக்கொண்டு போய், அசாம் மலை உச்சியில் கிடக்கும் பட்டாளத்துக்கு மூட்டை மூட்டையாகத் தள்ளிவிடுவது. இருபத்தைந்து வருஷ வீரமும் அவ்வளவுதான். நெல் விளைகிற ஊரிலிருந்து ஓடிப்போய் அரிசி தள்ளியிருக்கிறான்! இங்கே களத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு யார் படம் திறக்கிறார்கள்?

நல்ல குடும்பஸ்தன் என்று வேண்டுமானால் ஒரு பத்தி சேர்க்கலாம். ஊரோடு வந்த பிறகு பெண்டாட்டி புடவையைத் தானே பிழிந்து, தெரு பார்க்கக் கொடியில் காயப்போட்டான். இரண்டு பெண்களுக்கும் தலை பின்னிவிட்டான். பின்னல் கோணாமல் இருந்தது, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் திருச்சி ஹாஸ்டலுக்குப் போனதும் வாரம் தவறாமல் கடிதம். எனக்கு எழுதியது இருபத்தைந்து வருஷத்தில் மொத்தம் ஏழு.

15-6-1972

தண்ணீரும் வரவில்லை. இரண்டாவது பக்கமும் வரவில்லை.

17-6-1972

அந்த ஆறு ஏக்கர் விவகாரத்தை எழுதி வைக்கிறேன், பின்னால் உதவும்.

அப்பா போனதும் அண்ணா தன் பாகத்தை எனக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டான். பெருந்தன்மை இல்லை. நிலத்தின் அருமை தெரியாது. பிறகு சர்க்கார் உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்தபோது என் கையில் இருபத்தொன்று. ஆளாளுக்கு மருமகன் பெயரிலும் மச்சான் பெயரிலும் எழுதினார்கள். நான் அண்ணா பெயரில் ஆறை எழுதினேன். பிறந்ததிலிருந்து வரப்பு எங்கே என்று கேட்காதவன், இனியா கேட்கப் போகிறான்? பத்திரம் அவனுக்கு, நெல் எனக்கு. குத்தகை நெல் வண்டி எப்போதும்போல என் வாசலுக்குத்தான் வந்தது.

அதோடு, பட்டாளத்திலிருந்து வந்தவன் சொந்தச் சாகுபடி என்று சொல்லிக் குத்தகைக்காரனிடமிருந்து நிலத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. மனுவை டைப் அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். "பார்க்கலாம்டா ரெங்கா" என்றான். இரண்டு வருஷம் பார்த்தான். அப்புறம் செத்துப்போனான்.

நாளைக்கு அண்ணா வீட்டுக்கு, மன்னியிடம் போக வேண்டும். திருப்பி எழுதி வாங்கிவிட்டால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

18-6-1972

போனேன். காமு மன்னி காப்பி கொடுத்தாள். நான் பத்திரத்தை எடுத்தேன். அவள் பெட்டியைத் திறந்து வேறொரு காகிதத்தை எடுத்தாள்.

போன தை மாதம் அண்ணா வைரக்கண்ணுவை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துத் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறான். குத்தகைப் பதிவு தாசில்தாரிடம் வாக்குமூலம். இந்த நிலத்தைத் தகப்பன் காலத்திலிருந்து உழுகிறவர் வைரக்கண்ணு. ஸ்ரீநிவாசனாகிய நான் உழுததில்லை, உழப்போவதும் இல்லை. கீழே கையெழுத்து. வைரக்கண்ணு பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. இனி அவனை அசைக்க முடியாது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மன்னி?"

"கேட்டா சொல்லச் சொன்னார். நீங்க கேக்கவே இல்லையே."

படுபாவி! எம்பேர்ல இருந்தா ஒரு பிடி மண்ணு போயிருக்குமா? நானே கொண்டுபோய்க் குடுத்தேனே, நானே! அரிசி தள்ளின கை சும்மா இருக்குமா? கடைசியில எந்நிலத்தையே தள்ளிட்டுப் போயிட்டான்.

20-6-1972

மன்னார்குடி வக்கீலைப் பார்த்தேன். வழக்குப் போடலாமாம். ஆனால் நிலம் உண்மையில் என்னுடையது, அண்ணா வெறும் பெயருக்குத்தான் என்று நான் கோர்ட்டில் சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினால் இருபத்தொன்று ஆகிவிடும். உபரி என்று ஆறையும் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். சொல்லிவிட்டு வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் பீஸ் வாங்கினார்.

22-6-1972

மன்னி வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டேன். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வராதவன், அப்பா நிலத்தைத் தூக்கிக் கொடுக்க யார்? மூத்த பிள்ளை அவன். அறுபத்திரண்டு நவம்பரில், கொட்டுகிற மழையில், கொள்ளிச் சட்டி தூக்கியது நான். பத்து வருஷமாக மனசில் கிடந்தது. தெருவே கேட்டிருக்கும்.

மன்னி கோபப்படவில்லை.

"தந்தி வந்தப்போ விமானம் கிளம்பற நேரம். சீனாக்காரன் சண்டை. மேல ஒரு முகாம்ல நாலு நாளா சோறு இல்லை. மேகம் விலகினது அன்னிக்கு ஒரு நாள்தான். போய்ப் போட்டுட்டு வந்தார். வந்தவர் நேரே குழாயடிக்குப் போய் யூனிபார்மோட ஸ்நானம் பண்ணினார். அந்தக் குளிர்ல. நடுங்கிண்டே, 'அங்கே ரெங்கன் இருக்கான், அவன் பார்த்துப்பான்'னார்."

கதை நன்றாக இருக்கிறது. சாவுச் செய்தி கேட்டால் உடுத்திய துணியோடு முழுக வேண்டும், அது மட்டும் துரைக்கு நினைவிருந்ததாக்கும். யூனிபார்மை நனைத்தால் பிள்ளைக் கடன் தீர்ந்துவிடுமா?

23-6-1972

ரெங்கன் பார்த்துப்பானாம். பார்த்தேனே. அதை ஒரு கடிதத்தில் எழுதினால் என்ன? எட்டாவது கடிதமாக?

25-6-1972, ஞாயிறு

படத்திறப்பு. படிப்பகம் நிறையக் கூட்டம், விசில் அடிக்கிற மைக். சிங்காரவேலு அடுக்குமொழியில் முக்கால் மணி நேரம் பேசினார். அண்ணா சீனாக்காரனை ஒற்றை ஆளாக விரட்டியடித்ததாக இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வைரக்கண்ணுவுக்குப் பேசத் தெரியவில்லை. மைக்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டான். "ஸ்கூட்டர்ல போறப்ப கேட்டேங்க, சின்ன சாமி கோவிச்சுக்க மாட்டாங்களான்னு. 'கத்துவான்யா. பத்து நாள்ல அடங்கிடுவான். கெட்டவன் இல்ல'ன்னாங்க."

கூட்டம் சிரித்தது. என்னைப் பார்த்துத்தான்.

என் முறை வந்தது. சட்டைப் பையில் இரண்டு பக்கம் தயாராக இருந்தது. எடுக்கவில்லை. "எங்க அண்ணா பசிச்சவாளுக்கு அரிசி போட்டான். நிலத்தைப் பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இதற்கும் கை தட்டுகிறார்கள், மூடர்கள்.

28-6-1972

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. காகிதத்தை எடுக்காமலே சட்டையைத் துவைக்கப் போட்டிருக்கிறேன். ஒரு எழுத்துத் தேறவில்லை.

4-10-1972, புதன்

குறுவை அறுவடை முடிந்தது. வைரக்கண்ணு ஆறு ஏக்கர் குத்தகை நெல்லை வண்டியில் ஏற்றிவந்து, வழக்கம்போல என் வாசலில் நிறுத்தினான்.

"எறக்கட்டுங்களா சாமி?"

பத்து நாளில் அடங்கிவிடுவேன் என்றானாம் மடையன். மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

மன்னி வீட்டுக்கு ஓட்டச் சொன்னேன். நெல் ஈரமாக இருக்கிறது. அவளுக்குக் காயப்போடத் தெரியாது. காலையில் போய்ப் பார்க்க வேண்டும்.