பட்டில் வடிகட்டிய எண்ணெய்

அன்பு மகள் துர்காவுக்கு, ஓரிக்கையிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுதான் கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசினால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், எனக்கும் கோபம் இறங்கிவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

பொங்கலுக்கு முன்னால் போன் பண்ணியபோது என்ன சொன்னாய்? அம்மாவின் பஜ்ஜிக் கடையில் மிஞ்சுகிற எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றாதீர்கள், எங்கள் கம்பெனியில் அதைத்தான் பயோடீசல் ஆக்குகிறோம், லாரி பஸ்ஸெல்லாம் அதில் ஓடுகிறது, மண்ணுக்கடியிலிருந்து எடுக்கிற டீசல் ஒருநாள் தீர்ந்துபோகும், இது தீராது என்றாய். உடனே மீட்டிங் என்று போனை வைத்துவிட்டாய். எப்படி ஆக்குவது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? இங்கிலீஷில் ஒரு வீடியோ அனுப்பினாய், அதில் ஒருத்தன் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே இருக்கிறான், எனக்கு என்ன புரியும்? சுத்தம் பண்ணுவதுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். சுத்தத்துக்கு நம் ஊரில் பட்டை மிஞ்சி என்ன இருக்கிறது, தறிக்காரர் கலியாணசுந்தரத்திடம் ஒரு துண்டுப் பட்டு கேட்டு வாங்கி, நாலாக மடித்துக் கட்டி வடிகட்டினேன். தேன் மாதிரி இறங்கியது. நம் ஜெனரேட்டரில் ஊற்றி வாசலில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன், புகையில் பஜ்ஜி வாசனை வந்ததே தவிர நன்றாகத்தான் ஓடியது.

தை வெள்ளி அம்மன் ஊர்வலத்துக்கு வெளிச்சம் நம்முடையது என்று உனக்குத் தெரியும். உன் தாத்தாவை அந்த நெசவாளர் வீதிக்குள்ளேயே விட்டதில்லை, அங்கே அவர் பிள்ளை சாமிக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டியோடு போகிறான் என்றால் சும்மாவா? விளக்கு வைக்கிற நேரம், பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, வீதி முனையில் அம்மன் திரும்பும்போது இரண்டு முறை இருமிவிட்டு ஜெனரேட்டர் நின்றேவிட்டது. திறந்து பார்த்தால் அம்மா பஜ்ஜி சுட்ட பாமாயில், பனிக்கு நெய் மாதிரி உறைந்து ஃபில்டரை அடைத்துக்கொண்டிருக்கிறது. மேளமும் நின்றுபோனது. யாரோ வேட்டியைக் கிழித்து, என் கேனிலேயே முக்கி, தீவட்டி கொளுத்தினார்கள். அதற்கு மட்டும் உன் எண்ணெய் ஜோராக எரிந்தது.

விழாக் கமிட்டிக்கும் கலியாணசுந்தரம்தானே தலைவர். "இன்னாபா சிட்டிபாபு, அம்மன் இருட்டுல நின்னுக்கினு இருக்குது, யார் பேச்சைக் கேட்டுக்கினு இதை ஊத்துன?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். பங்குனித் திருவிழாவுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். மறுநாள் அம்மா உனக்குப் போன் பண்ணினால், நீ சாவகாசமாக, ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்து கிளிசரினைப் பிரிக்காமல் வெறும் எண்ணெயை ஊற்றலாமா என்கிறாய். இதை முதலிலேயே சொன்னால் வாயில் இருக்கிற முத்து கொட்டிவிடுமா? படித்தவர்கள் எல்லாரும் பாதியைச் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போகிறீர்கள், மீதியை நாங்கள் நடுத்தெருவில் கற்றுக்கொள்கிறோம்.

அம்மா உனக்கு இட்லிப் பொடி அனுப்பியிருக்கிறாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, சளி பிடிக்கும். அந்த அம்மன் உனக்கு நீண்ட ஆயுசையும் நிறைந்த வாழ்வையும் கொடுக்கட்டும், என் மேல்தான் அவளுக்குக் கோபம், உன் மேல் இல்லை. ஏனென்றால் கலியாணசுந்தரம் கேட்டதற்கு, நானாகத்தான் ஊற்றினேன் என்று சொல்லிவிட்டேன். உன் பேரை எடுக்கவில்லை. மீதி எண்ணெயைக் கொட்டச் சொல்லி அம்மா தினமும் கத்துகிறாள், நான் கொட்டவில்லை, கேன் கொல்லையில் அப்படியே இருக்கிறது. பங்குனிக்கு முன்னால் லீவு போட்டு வா. என்னென்ன கலக்கணுமோ உன் கையால் கலந்து, கமிட்டிக்காரர்கள் எதிரிலேயே ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டு. யார் பேச்சைக் கேட்டேன் என்று அன்றைக்கு அவருக்குச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் கோபம் தீராத அப்பா,
சிட்டிபாபு