பொத்திய பெல்ட்

2006 ஆடி, செவ்வாய்

பெரியகல்லாற்றில் தண்ணீர்த் தாங்கி கட்டுகிறோம். உயரத்தில் ஏறுபவர்களின் பாதுகாப்பு பெல்ட்டுகளைக் காலையில் பார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை.

இன்று நாகமணி அண்ணன் பிந்தி வந்தார். அவருடைய பெல்ட்டை எடுத்துக் கொடுக்கும்போது கையில் ஏதோ நெருடியது. வெட்டுப்பட்ட பட்டியை வலை பொத்தும் நூலால் பொத்தியிருந்தார். சுனாமி தோணியைக் கொண்டுபோகும்வரை அவருக்குக் கடல்தான் தொழில்.

“எப்ப பொத்தினீங்க?”

“போன கிழமை. என்ட முடிச்சு விடாது தம்பி. வேணுமெண்டா இழுத்துப் பாருங்க.”

தூணில் கட்டி நாலு பேர் இழுத்தோம். முடிச்சு அசையவில்லை. அதற்குப் பக்கத்தில், வெயிலில் வெளுத்த பட்டி பழஞ்சீலை போலக் கிழிந்தது.

“நேத்தும் இதோடதான் மேல நிண்டன்,” என்றார்.

மற்ற ஐந்து பெல்ட்டும் அதே வெயிலில் கிடந்தவை. அவற்றைப் போட்டவர்கள் அப்போது மேலே நின்றார்கள். இறங்கச் சொல்லிக் கத்தினேன். கடைசி ஆளின் கால் தரையில் படும்வரை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

பதிவுப் புத்தகத்தில் இன்று வரை எல்லாப் பெயருக்கும் நேரே ‘நல்லது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். ஒரு பெல்ட்டையாவது கையில் எடுத்தது இன்றுதான்.