அமராவதி எழுதி வைத்தது

ஜூன் 7, 2025, சனி

சபை லேப்டாப் வீட்டுக்கு வந்துவிட்டது. "பிரதர், திறக்கவே பத்து நிமிசம் ஆகுது, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்று பாஸ்டர் கொடுத்தனுப்பியிருக்கிறார். அவருக்கும் என்னை விட்டால் ஆள் ஏது? பிழைப்புக்குப் பனியன் கம்பெனியில் பேக்கிங் மேனேஜர் என்றாலும், கம்ப்யூட்டர் என்றால் ராஜபாண்டிதான் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நானாகவும் இருக்கலாம்.

உள்ளே இருக்கும் வேத ஆராய்ச்சி மென்பொருள் எட்டு வருடப் பழசு. தமிழ் வேதாகமம் ஒன்று, ஆங்கிலம் ஒன்று, குறிப்பு எழுத ஒரு பக்கம். அவ்வளவே. இதை வைத்துக்கொண்டு அந்த அமராவதி என்னதான் வகுப்பு எடுக்கிறாளோ. மங்கலத்துக்காரி, பனியன் லேபிள் அச்சடிக்கும் கடையில் டைப் அடிக்கிறவள். அவள் வீட்டில் எல்லோரும் முருகனைக் கும்பிடுகிறவர்கள். இவள் ஒருத்தி மட்டும் சபைக்கு வருவாள். சனிக்கிழமை லேப்டாப்பை வாங்கிப்போவாள், ஞாயிறு கொண்டுவந்து பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

நெட்டில் தேடினேன். அடேயப்பா! இந்த மென்பொருளோடு சேர்த்துக்கொள்ள எத்தனை இருக்கிறது. எபிரெய அகராதி, கிரேக்க அகராதி, விளக்கவுரைகள் மட்டும் இருபதுக்கு மேல், பாலஸ்தீன வரைபடங்கள், கோயில் கட்டிய அளவுகள். பெரும்பாலும் இலவசம். கருத்துக்களம் ஒன்றில் கேள்வி போட்டேன். சென்னையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் கால் மணி நேரத்தில் பதில் எழுதினார். அப்படியே போனிலும் பேசிவிட்டோம். நல்ல மனுசன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தவன் இப்போதுதான் எழுந்தேன். பைல்களைப் பென்டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு லேப்டாப்பைச் சுத்தமாக பார்மட் செய்தேன். பைல்களைத் திரும்ப உள்ளே போட்டேன். பிறகு மென்பொருளின் புதுப் பதிப்பு. பிறகு ஒவ்வொன்றாக இணைப்புகள். முப்பத்திரண்டு ஏற்றியாயிற்று! வரைபடத் தொகுப்புக்கு மட்டும் இடம் போதவில்லை.

இடத்துக்காகக் கண்டதையெல்லாம் தட்டித் தூக்கினேன். பழைய கிறிஸ்துமஸ் படங்கள், யாரோ ஏற்றிய பாட்டுகள். பழைய குறிப்புக் கோப்புகள் என்று ஒரு அடுக்கு இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாகத் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. கெட்டுப்போன குப்பை. அதையும் அழித்தேன்.

வரைபடம் ஏறிவிட்டது. எருசலேமைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம், கலிலேயாக் கடலின் ஆழம்கூடப் போட்டிருக்கிறது. பாஸ்டர் அசந்துவிடுவார்.

ஜூன் 15, ஞாயிறு

பாஸ்டர் அசந்துதான் போனார். பிரசங்க நேரத்திலேயே என் பெயரைச் சொன்னார்.

மதியம் அமராவதி வந்தாள். "ஏனுங்ணா, என்ர குறிப்பெல்லாம் காணமுங்களே. எங்கீங்க வெச்சிருக்கறீங்க?"

அந்தத் தாறுமாறு எழுத்து ஞாபகம் வந்தது. ஆனால் அது தமிழே இல்லையே, இவளுடையதாக எப்படி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுற்றிலும் ஆட்கள் வேறு. வாயில் வந்தது இதுதான்: "நீங்க சரியா சேவ் பண்ணியிருக்க மாட்டீங்க."

"எட்டு வருசமுங்ணா. ஒவ்வொரு வாரமும் சேவ் பண்ணுவனுங்."

"அப்ப வைரஸ் ஏதாவது ஏறியிருக்கும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "செரிங்ணா" என்றாள். அன்றைக்கு வகுப்பு எடுக்கவில்லை, தலைவலி என்று போய்விட்டாள்.

ஜூன் 16, திங்கள்

சேவ் பண்ணியிருக்க மாட்டாள். அதுதான். அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

கமிட்டி கூடியது. அமராவதியின் குறிப்புகளை டிசம்பரில் பெண்கள் கூடுகைக்குச் சின்னப் புத்தகமாக அச்சடிக்க இருந்தார்களாம். எனக்கு இது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்தான், பெண்கள் சங்கத்துக் காரியம் என்றால் நான் காது கொடுப்பதில்லை.

"அந்தப் பொண்ணு லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனதுனாலதான வைரஸ் வந்துது? இனி யாருக்கும் வெளிய குடுக்க வேண்டாம்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். என் முகத்தைப் பார்த்து "அப்படித்தானுங்களே?" என்றும் கேட்டார்கள்.

நானும் தலையாட்டினேன்.

ஆட்டாமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிடம் பேசாமலாவது இருந்திருக்கலாம்.

ஜூன் 29, ஞாயிறு

அமராவதி சபைக்கு வரவில்லை. பெண்கள் வகுப்பை என்னை எடுக்கச் சொல்லிவிட்டார் பாஸ்டர். "உங்ககிட்டதான் எல்லா ரிசோர்ஸும் இருக்கே பிரதர்."

ஜூலை 6, ஞாயிறு

பதினாறு பேர் வருகிற வகுப்புக்கு ஒன்பது பேர் வந்தார்கள்.

பிள்ளையோடு பாலைவனத்துக்குத் துரத்திவிடப்பட்ட அடிமைப் பெண் ஆகாரின் பகுதி. தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளையைச் செடிக்கடியில் விட்டுவிட்டு அம்பு பாயும் தூரம் தள்ளிப்போய் உட்காருகிறாள். மருதம்மாள் கை தூக்கினாள். பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை, மகளை மூலனூரில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு இங்கே விடுதியில் தங்கியிருப்பவள்.

"ஏனுங்ணா, அவ எதுக்குங்க தள்ளிப் போயி உக்காந்தா?"

நான் உற்சாகமாக அந்த இடத்தைத் தட்டினேன். அம்பு பாயும் தூரம் என்பதற்கு அகராதி, விளக்கவுரை, அந்தக் காலத்து வில்லின் படம் எல்லாம் வந்தது. "ஏறக்குறைய நூற்றிருபதிலிருந்து இருநூறு மீட்டர்" என்று படித்துக் காட்டினேன். இருநூறு மீட்டர்! ஒரு தாய் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பார்.

மருதம்மாளுக்குப் பக்கத்திலிருந்த சென்னம்மாள், "அமராவதியக்கா இதுக்கு ஒண்ணு எழுதி வெச்சிருந்தாங்கல்ல?" என்றாள். மருதம்மாள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: "பாக்கச் சகிக்காமத் தள்ளிப் போனாளாம். ஆனா உட்டுட்டுப் போவலியாம். எந்திரிச்சு ஓடியாந்து தூக்கற தூரத்துலதான் உக்காந்திருந்தாளாம்."

முப்பத்திரண்டு இணைப்பிலும் தேடினேன். அது எதிலும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று ஆபீசில் புது பனியன் பெட்டிக்கு டிசைன் வந்தது. லேபிள் கடை வேல்குமார் மெயிலில் அனுப்பியிருந்தான். திறந்தால் பிராண்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியும். போனைப் போட்டுத் திட்டினேன், குப்பையை அனுப்பியிருக்கிறாயே என்று.

அவன் சிரித்தான். "குப்பை இல்லீங்க சார். அது பழைய தமிழ் ஃபாண்டுங்க. எங்க லேபிள் கடையில எல்லாம் இன்னும் அதுலதானுங்க அடிக்கறோம், கை பழகிப்போச்சு. உங்க சிஸ்டத்துல அந்த ஃபாண்ட் இல்லீன்னா அப்படித்தான் தெரியும். அனுப்பறன், போட்டுப் பாருங்க."

அனுப்பினான். போட்டேன். கண் முன்னாலேயே அத்தனையும் தமிழாக மாறிவிட்டது.

நான் பார்மட் செய்தபோது அந்த லேப்டாப்பிலிருந்தும் இந்த எழுத்துரு போயிருக்கும். அவள் லேபிள் கடைக்காரி. அவள் வேறு எதில் அடிப்பாள்?

ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

லீவு போட்டேன். பென்டிரைவில் இருக்குமா? இல்லை. மறுநாளே அதைத் துடைத்து ஆபீஸ் பைல்களைப் போட்டுவிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அழிந்த பைல்களை மீட்டுக்கொடுக்கும் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனேன். பையன் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அதன்மேல் வேறு ஏதோ பெரிதாக ஏறி உட்கார்ந்துவிட்டதாம். வேறு ஏதோ என்ன? என் வரைபடங்கள்தான்.

பெயர் மட்டும் ஒரு பட்டியலில் மிச்சம் இருந்தது. நானூற்றுப் பதினொரு குறிப்பு. மொத்தம் நாலு எம்பி. நாலே நாலு! அதை அழித்ததால் ஒரு கிராமத்தின் படத்துக்குக்கூட இடம் கிடைத்திருக்காது.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். "அழிச்சது கூடப் பரவாயில்லைங்க. தெரியாமச் செஞ்சிய. அந்தப் புள்ள மேல பழியத் தூக்கிப் போட்டியளே, அது தெரிஞ்சுதான செஞ்சிய?"

உண்மை அதுதானே.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்கு ஆராதனையில் எழுந்து சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சொல்லவில்லை. கோழை.

ஜூலை 20, ஞாயிறு

மங்கலம் போனேன்.

தெருவுக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் காதை அடைத்தது. அவள் கணவர் முருகேஷ்தான் கதவைத் திறந்தார், நெற்றி நிறைய விபூதி. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அமராவதி வந்து சுவரோரம் நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பார்மட் செய்தது, எழுத்துரு, அழித்தது, வைரஸ் என்று பொய் சொன்னது, கமிட்டியில் தலையாட்டியது. ஒன்றையும் விடவில்லை.

முருகேஷ்தான் முதலில் பேசினார். "எனக்கு உங்க சாமியெல்லாம் தெரியாதுங்க. ஆனா சனிக்கிழமையானா எங்கூட்டுல நாந்தானுங்க சோறாக்கறது. அவ அந்தப் பொட்டிய வெச்சுட்டு உக்காந்தா எந்திரிக்க மாட்டா. எட்டு வருசமுங்க. குழம்புல உப்பு ஜாஸ்தின்னு ஒருநாள் சொன்னதில்லீங்க."

மோர் தம்ளரைக் கீழே வைத்தேன்.

அமராவதி கோபப்படவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நான் அடிச்சது எதுவும் பெரிய விசயமில்லீங்ணா. அந்தப் பொம்பளைங்க கேட்டதுதான். ஒருத்தி அழுதுட்டே கேப்பா, ஒருத்தி சண்டை போட்டுக் கேப்பா. கேட்டத ஒருக்கா எழுதி, எனக்குத் தோணுனத ஒருக்கா எழுதி வெச்சனுங்." பிறகு கேட்டாள்: "ஏனுங்ணா, அழிக்கறதுக்கு முன்னால என்னைய ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமில்லீங்?"

கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. முகம் தெரியாத சென்னைக்காரரிடம் கேட்டேன். கருத்துக்களத்தில் யார் யாரிடமோ கேட்டேன். தினமும் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தமிழ் அடிக்கிறவளிடம் கேட்கத் தோன்றவே இல்லை. தோன்றாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். லேபிள் கடைப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். சாத்தான்குளத்திலிருந்து மூன்று தலைமுறைக் கிறிஸ்தவன் நான், நேற்று வந்தவளிடம் போய்க் கேட்பதா என்றும் நினைத்திருப்பேன். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

சபையில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். மருதம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

கமிட்டி பழைய முடிவை ரத்து செய்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பாஸ்டரே மங்கலம் போகிறாராம்.

ஜூலை 28, திங்கள்

வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். மரியாதையாகத்தான் சொன்னாளாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வகுப்புக்கு இன்று நாலு பேர். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். சென்னம்மாள் சொன்னாள், ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் பஸ் ஏறி மங்கலம் போகிறார்களாம், அமராவதி வீட்டுக்கு. "தறி நிறுத்தற நாளுங்ணா, சத்தமிருக்காது. அவங்கூட்டுக்காரரே பாய் விரிச்சு வெச்சறாருங்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒருவரும் வரவில்லை. அரை மணி நேரம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடிவிட்டு நாற்காலிகளை அடுக்கினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வீட்டுக்காரியும் இரண்டு வாரமாக மங்கலம் போகிறாள். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? இன்று திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே முகம் தெளிவாக இருந்தது. என்ன சொன்னாள் அமராவதி என்று கேட்டேன். கொஞ்சம் சொன்னாள். நன்றாக இருந்தது. என் முப்பத்திரண்டில் எதிலும் அப்படி இல்லை.

"ஒரு நோட்டு வாங்கித் தர்றேன், அங்க சொல்றத நீயாவது எழுதி வையேன்" என்றேன்.

"நானும் கேட்டேங்க, எழுதிக்கிடட்டுமான்னு." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "'வேண்டாங்க்கா, எழுதி வெச்சா ஆராச்சும் குப்பைன்னு தூக்கிப் போட்டுருவாங்க'ன்னு கூட இருந்த பொம்பளைங்க சொல்லிட்டாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அந்தப் புள்ளயும் சிரிச்சுது."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். நான் உள்ளே போய் அவளுக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.