மகன் வாங்கிய கதிர் அப்பா கணக்கில்

அனுப்புநர்
இ. பூர்ணிமா, பி.எஸ்சி. (இயற்பியல்),
க/பெ. இளவழகன்,
மேலத்தெரு, திருப்பனந்தாள்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
அணுமின் நிலையம்.

பொருள்: ஒப்பந்தத் தொழிலாளி இளவழகனின் பேட்ஜ் கூடுதலாகக் காட்டிய கதிர்வீச்சு, எங்கள் பிள்ளைக்கு எடுத்த எக்ஸ்ரேயால் வந்தது – மறுமதிப்பீடு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதைப் போன மாதமே எழுதியிருக்க வேண்டும். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை தூங்கினால்தான் பேனா என் கைக்கு வரும். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் குறுவை அறுப்பு முடிந்ததும் தங்கள் நிலையத்துக்குக் குழாய் பொருத்தும் வேலைக்கு வருபவர். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கத் தாங்கள் தரும் பேட்ஜை மார்பில் மாட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் அதை வாசல் பலகையில் தொங்கவிட்டு வர வேண்டும் என்பது விதி. எங்கள் திருமண நாளைத் தவிர வேறெதையும் மறக்காதவர்.

2. ஐப்பசியில் ஒரு நாள் எங்கள் மகன் பரணிதரன் ஒரு ரூபாய்க் காசை விழுங்கிவிட்டான். போனில் நான் போட்ட கூச்சலில் அவர் பேட்ஜோடு பஸ் ஏறிவிட்டார். கூச்சல் என்னுடையது என்பதால் குற்றத்தில் பாதியை என் பெயரில் எழுதிக்கொள்ளலாம்.

3. அன்று கும்பகோணத்தில் எடுத்த படத்தில், வயிற்றில் காசு ஒன்று. இறங்குகிறதா என்று பார்க்க மறுநாள் இன்னொரு படம். அதற்குள் வந்துசேர்ந்த அப்பாவின் மார்பை விட்டு இறங்க மறுத்த பிள்ளை, இறக்கியபோது பேட்ஜையும் பிடுங்கிக்கொண்டு இறங்கினான். போர்த்தியிருந்த துண்டுக்குள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. படத்தில் வட்டம் இரண்டு! நேற்று ஒன்று, இன்று இரண்டா, ராத்திரி என்னம்மா ஊட்டினீங்க என்று டாக்டர் என்னைக் கேட்டார். என் நாத்தனார் ஷோபனா உடனே வீட்டுக்குப் போன் போட்டு உண்டியலைப் பார்க்கச் சொன்னார். சந்தேகத்துக்கு இன்னொரு படமும் எடுத்த பிறகுதான் துண்டை விலக்கினார்கள். இரண்டாவது வட்டம், பேட்ஜுக்குள் இருக்கும் உலோகத் தடுப்பு. பக்கத்தில் கிளிப், பல்லைக் காட்டிக்கொண்டு. காசு மூன்றாம் நாள் பூவன் பழத்தின் தயவில் வெளியேறியது.

4. பேட்ஜில் ஏறியது வெளியேறவில்லை. வேலைக்குத் திரும்பியதும் இவர் அதை யாரிடமும் சொல்லாமல் பழையபடி பலகையில் மாட்டிவிட்டார். கூடவே நின்று வேலை பார்த்த முருகையன் அண்ணனுக்குச் சொற்பம், இவருக்கு மட்டும் பல மடங்கு என்று மாத முடிவில் கணக்கு வந்தது. இவர் அனுமதியில்லாத அறைக்குள் போயிருப்பார் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். விசாரணை முடியும்வரை வேலை இல்லை. ஐயா, எங்கள் வீட்டு அடுப்படிக்குள் அனுமதி கொடுத்தும் நுழையாதவர் அவர். உண்மையைச் சொல்லுங்கள் என்றால், பேட்ஜை வெளியே கொண்டுபோனது தெரிந்தால் அடியோடு நிறுத்திவிடுவார்கள், சும்மா இரு பூர்ணி என்கிறார். நான் சும்மா இல்லை என்பதற்கு இம்மனுவே சாட்சி.

5. அன்றன்று பட்ட கதிரைக் காட்ட அவர் தினமும் பாக்கெட்டில் வைத்துச் சென்ற அளவுமானியின் பதிவு தங்களிடம் இருக்கும். அதையும் முருகையன் அண்ணனின் பேட்ஜையும் இதனோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பேட்ஜின் வெவ்வேறு தடுப்புகளுக்குப் பின்னால் உள்ள, கதிரைப் பதிந்துகொள்ளும் வில்லைகள் எவ்வளவு வாங்கின என்பதை வைத்தே, எக்ஸ்ரேயா உலைக்கதிரா என்று பிரித்துவிடலாம் என்றும் படித்தேன். தங்களுக்கு நான் பாடம் எடுப்பதாக எண்ண வேண்டாம்; படித்த படிப்பை இந்தத் தெருவில் வேறு யாரிடம் காட்டுவது?

ஆகவே, பேட்ஜை மறந்ததற்கு அவரைத் தாராளமாகத் திட்டிவிட்டு, நுழையாத அறைக்கான பழியை நீக்கி, வேலைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இன்னும் ஒன்று. அந்தக் கூடுதல் அளவை அவர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், அது எந்தக் கணக்கிலும் இல்லாமல் போய்விடும். என் பிள்ளைக்குத் தங்களிடம் பேட்ஜ் எண் கிடையாது. அதைக் கோடு போட்டு அடிக்கும் முன், எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள் ஐயா. நான் வைத்துக்கொள்கிறேன்.

இணைப்பு: எக்ஸ்ரே படம் (காசு, பேட்ஜ் இரண்டும் தெரியும்படி).

திருப்பனந்தாள்,
12.12.2024

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
இ. பூர்ணிமா
(பரணிதரனின் அம்மா)